ஐந்தாம் ஓடுபாதை

மே 20, செவ்வாய்

காலையில் மழை. பிறகு வெயில். பிறகு திரும்ப மழை. பல்கனியில் காயப்போட்ட உடுப்பு மூன்று தரம் வெளியே, மூன்று தரம் உள்ளே. கடைசியில் குளியலறைக் கம்பியிலேயே காயட்டும் என்று விட்டேன்.

வேலை பின்னேரம். அதற்குள் செய்ய:
– தாரணியின் ஓட்டச் சப்பாத்துக்குப் புது ஆணி (ஸ்ட்ரோம்மன் கடை)
– இவருடைய பாஸ்போர்ட் தேட
– மீன் வெளியே எடுத்து வைக்க

ஆணி வாங்கியாயிற்று. பாஸ்போர்ட் கார் காப்புறுதிக் கடிதங்களுக்குள் கிடந்தது. மீன் மறந்து போச்சு. முட்டைக் குழம்பு.

வெள்ளிக்கிழமை தகப்பனும் மகளும் போலந்துக்கு. ஊர் பிட்கோஷ்ச். பெயரைச் சொல்லிப் பழக எனக்கு இரண்டு கிழமை போனது. ஞாயிறு அங்கே ஓட்டப்போட்டி. தாரணிக்கு நானூறு மீற்றர் தடை தாண்டல். போன வருடம் தொடைத் தசை பிய்ந்து கோடை முழுக்க சோபாவில் கிடந்த பிள்ளை. இந்த முறை குறித்த நேரத்துக்குள் ஓடினால் நோர்வே தேசிய அணியில் இடம். இல்லாவிட்டால் ஓட்டமே வேண்டாமாம். நேற்று புட்டைக் குழைத்தபடி, கறிக்கு உப்புக் காணாது என்கிற மாதிரி சொன்னாள்.

"இதோடை சரிவரேல்லை எண்டால் நிப்பாட்டுறன் அம்மா. இருபது வயசாச்சு. படிப்பும் கிடக்கு."

இவர் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. காது மட்டும் சிவந்தது.

நான் போக முடியாது. மூன்றில் ஒரு வார இறுதி எனக்கு வேலை, அது பார்த்து இந்த வார இறுதி. மாற்றித் தரச் சொல்லி நாலு பேரைக் கேட்டேன். எல்லோருக்கும் அந்த ஞாயிறு என்னவோ இருக்கிறது. சரி, இருக்கட்டும்.


மே 22, வியாழன்

தாரணி குசினி வாசலில் நின்று தகப்பனுக்குச் சட்டம் வாசித்தாள்.
1. ஓடுபாதைப் பக்கம் இறங்கக்கூடாது.
2. கத்தக்கூடாது.
3. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ரோல்ஸ் நீட்டக்கூடாது.
4. ட்ரேனருக்குப் புத்தி சொல்லக்கூடாது.

"ஓம், ஓம்" என்றார் எல்லாவற்றுக்கும். பஸ் ஓட்டுகிற மனிதர், விதிகளை மதிக்கிறவர் என்று பெயர். ஆனால் மகள் ஓடும்போது மாத்திரம் வேறு ஆள். ஒரு முறை வேலிக்கு மேலால் ஏறிக் குதித்து, கடைசி நூறு மீற்றரும் புல்லுக்குள் அவளோடு ஓடினவர். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது தொடங்கியது. ஓட்டம் இருக்கிற நாள் விடிய, வாசலில் தேங்காய்க்கு மேல் கற்பூரம் கொளுத்தி அவளைச் சுற்றுவார். பிறகு கீழே குப்பை அறைக்குப் பக்கத்துக் கல்லில் தேங்காயைச் சிதற அடிப்பார். அந்தந்த நாளில்தான் செய்யவேண்டும், முதல் நாள் செய்தால் சரிவராது. இந்தக் கட்டடத்து நோர்வேக்காரருக்கு இப்போது பழகிவிட்டது. கீழ்வீட்டுக் கவிதாதான் சில்லுகளைப் பொறுக்குவாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. "வீணாக்காதீங்க அக்கா, சட்னிக்கு ஆகும்" என்பாள்.

போன வருடம் தசை பிய்ந்த நாள் இவருக்கு விடியக்காலை வேலை. கொளுத்தவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரே ஒரு தரம் கதைத்தார். "அண்டைக்கு நான் செய்யேல்லை." அவ்வளவுதான். ஆனால் மனுசன் அதையே பிடித்துக்கொண்டு இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அந்தப் பயம் இல்லை என்று எழுதினால் பொய்.

ஆகையால் பெட்டி அடுக்கும்போது: சேட் 3, சாரம் 1, பிரஷர் மாத்திரை, மிக்சர், காலுறை. காலுறைக்குள் கற்பூரம் ஐந்து கட்டி. வைத்தது நான்.

"ஹொட்டேல் குளிக்கிற அறையிலை, சோசருக்கு மேலை வைச்சு. விளங்குதே?"
"ஓம்."
"வேறை ஒரு இடத்திலையும் இல்லை."
"ஓமப்பா. நான் என்ன சின்னப்பிள்ளையே?"


மே 23, வெள்ளி

வெயில். குளிர் காற்று. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தாயிற்று. தாரணியிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம். இவரிடமிருந்து பன்னிரண்டு புகைப்படங்கள், எட்டில் மேகம்.

வேலையில் அக்னியெஷ்காவுக்குச் சொன்னேன். (பெயர் நீளம், இனி அக்.) எங்கள் முதியோர் இல்லத்தில் என்னோடு ஒரே தளம். அவள் அந்த ஊர்க்காரி. நாங்கள் கதைக்கிறது நோர்வேஜியனில், இரண்டு பேருக்கும் அது இரவல் பாஷை, அதனால் ஒருவர் பிழையை மற்றவர் பிடிப்பதில்லை.

அந்த விளையாட்டரங்கை அவளுக்கு நன்றாகத் தெரியும். தகப்பனோடு உதைபந்தாட்டம் பார்க்கப் போய் வளர்ந்தவளாம். நடுவில் புல், பந்தாட்டத்துக்கு. சுற்றிவர ஓடுபாதை. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அரங்கு, இரண்டு கூட்டத்துக்கும் ஆகாது. பந்தாட்டக்காரர் சொல்வதாம், இந்தப் பாதையால்தான் நாங்கள் தூரத்தில் இருக்கிறோம், பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை என்று. ஓட்டக்காரர் சொல்வதாம், இவர்கள் வந்து போனால் சிகரெட் கட்டையும் சூரியகாந்தி விதைக் கோதும்தான் மிச்சம் என்று. ஒரு குசினியில் இரண்டு மச்சாள்மார் மாதிரி. அக்கின் அண்ணன்மார் பந்தாட்டப் பக்கம். அவள் சின்னதில் உயரம் பாய்ந்தவள், ஓட்டப் பக்கம். வீட்டில் கிறிஸ்மஸ் சாப்பாட்டிலும் இதே சண்டையாம்.

ஞாயிறு போட்டியை இணையத்தில் நேரே காட்டுவார்கள் என்று தேடிப் பிடித்துத் தந்தாள். "ஓய்வு நேரத்தை அதற்குப் பொருத்தி எடுப்போம்" என்றாள். நல்ல பிள்ளை.


மே 24, சனி

வேலை. மூன்றாம் அறை அம்மா காலைச் சாப்பாட்டை எறிந்தாள். நானும் ஒருநாள் எறிவேன், பாண் அப்படி.

இவரிடமிருந்து குரல் செய்திகள். ஒன்று: அரங்கைப் பார்க்கப் போய், அப்படியே மாலைப் பந்தாட்டத்துக்கும் ரிக்கற் எடுத்துவிட்டார். "நல்ல இடமப்பா. ஆனால் பந்து எறும்பு மாதிரித்தான் தெரியுது." பின்னால் ஆட்கள் பாடுகிற சத்தம். இரண்டு: தாரணிக்கு ஐந்தாம் ஓடுபாதை கிடைத்திருக்கிறது. நடுப்பாதை, நல்ல பாதை. முன்னால் துரத்த ஆட்கள் இருப்பார்கள். துரத்த ஆள் இருந்தால்தான் அவளுக்குக் கால் வரும். மூன்று: படம். சுப்பர்மார்க்கெட்டில் தேங்காய், மேலே ஸ்டிக்கர் ஒட்டி.

இரவு ரெலிபோன்.
"இஞ்சைபாரும், குளிக்கிற அறையிலை புகை வந்தால் அடிக்கிற மணி பூட்டியிருக்கிறாங்கள்."
"அப்ப கொளுத்தாதேங்கோ. தேங்காயை மட்டும் சுத்தி விடுங்கோ."
"கற்பூரம் இல்லாமலோ?"
"மணி அடிச்சால் முழு ஹொட்டேலும் றோட்டிலை நிக்கும். பிள்ளையும் நிக்கும். ஓடுறதுக்கு முதல் அவளுக்கு நித்திரை வேணும்."
"ம்."

அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்துநாலு வருடமாக அந்த "ம்" எனக்குத் தெரியும். ஆனாலும் உடுப்பு மடிக்க இருந்தது, மடிக்கப் போய்விட்டேன்.


மே 25, ஞாயிறு

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலை வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது, அக் தந்த இணைப்பு வேலை செய்கிறதா என்று ரெலிபோனில் தட்டிப் பார்த்தேன். அரங்கு வந்தது. கமெராவைப் பொருத்திவிட்டு ஆளில்லாமல் விட்டிருக்கிறார்கள். வெறும் கதிரைகள். புல்லில் இரண்டு பேர் பந்தாட்டக் கம்பத்தை உருட்டிக்கொண்டு போகிறார்கள். செங்கல் நிறப் பாதையில் தடைகள் ஏற்கெனவே அடுக்கி. அழகாகத்தான் இருந்தது.

பிறகு ஓரத்தால் ஒரு ஆள் வந்தார். நீல ஜக்கெற். முகம் தெரியவில்லை, தேவையும் இல்லை. அந்த நடையோடு நான் இவ்வளவு காலம் கடைக்குப் போய் வந்திருக்கிறேன். முதலாம் தடைக்கு முன்னால் நின்றார். குனிந்தார். கையில் என்னவோ உருண்டை. கையை வட்டமாகச் சுற்றினார். ஒன்று, இரண்டு. மூன்றாம் சுற்றில் திடீரென்று காலால் நிலத்தை மிதிமிதியென்று மிதித்தார்.

நான் பஸ்ஸில் "ஐயோ மனுசா" என்றேன். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

இவரே ரெலிபோன் எடுத்தார். மூச்சு வாங்கியது.
"கற்பூரம் வழுக்கி விழுந்திட்டுது. காத்து. உடனை அணைச்சிட்டன்."
"பாதை?"
"றபர்தானே. கொஞ்சம் உருகி... ஒரு ஓட்டை. சின்னன். காசுக்குற்றி அளவு."
"எந்தப் பாதையிலை?"
"சின்னன்தான்" என்றார் திரும்பவும்.
"அஞ்சிலையோ?"
"அவளின்ரை பாதைதானே அது. வேறை எதிலை செய்யிறது?"

 பிறகு அவர் கேட்டார், "போய்ச் சொல்லட்டே? அந்த மேசையடியிலை ஆக்கள் வந்திட்டினம்."

இங்கே நான் சொன்னதை எழுதத்தான் வேண்டும். நான் சொன்னேன்: "வாயைத் திறக்காதேங்கோ. அவளின்ரை பேர்தான் கெடும். சின்ன ஓட்டையை ஆர் பாக்கப்போகினம்."

பார்த்தார்கள். தடை தாண்டலில் முதலாம் தடைக்கு முன்னால் எல்லோரும் கால் அளந்து வைக்கிற இடம் அது.

ஓய்வறையில் நானும் அக்கும், நடுவில் மூன்றாம் அறை அம்மா, அவள் தனியாக இருக்க மாட்டாள். ரெலிபோனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்தோம். தாரணியின் ஓட்டம் தொடங்கவில்லை. வெள்ளைத் தொப்பிக்காரர் நாலைந்து பேர் குனிந்து நிலத்தைப் பார்க்கிறார்கள். அறிவிப்பாளர் போலிஷில் என்னவோ சொன்னார், அக் மொழிபெயர்த்தாள்.

"ஐந்தாம் பாதையில் எரிந்த அடையாளமாம். நடுவர்கள் பார்க்கிறார்களாம்." உடனே அவளுக்குக் கோபம் வந்தது. "நேற்றைய பந்தாட்டக் கூட்டம்தான். வேறு யார் செய்வார்கள்? நான் சொன்னேன்தானே?" அண்ணனுக்கு அப்போதே செய்தி எழுதத் தொடங்கினாள்.

நான் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சீனி போடவில்லை, சும்மா கலக்கினேன்.

தாரணியும் போய்க் குனிந்து பார்த்தாள். மற்றவர்களை விடக் கொஞ்சம் கூடுதல் நேரம். பிறகு நிமிர்ந்து, மேலே கதிரைகளைப் பார்த்தாள். ட்ரேனர் வேலிக்கு அங்காலே நின்று கை காட்டிக் காட்டிக் கதைக்கிறார். அவள் தலையை இல்லை என்று ஆட்டினாள். நடுவரிடம் என்னவோ சொன்னாள்.

"ஐந்தை மூடுகிறார்களாம்" என்றாள் அக். "அவளுக்கு எட்டாம் பாதை."

எட்டு என்றால் கடைசி வெளிப்பாதை. வளைவுக்காக எல்லோருக்கும் முன்னால் நிற்பது போலத் தெரியும். ஓடினால் முன்னால் ஒரு மனிதரும் இல்லை. துரத்த ஆளில்லை.

"எது உன்னுடையது?" என்றாள் மூன்றாம் அறை அம்மா.
"வெளியே நிற்கிறவள்."
"பாவம்" என்றாள்.

நன்றாகத்தான் ஓடினாள். குருடர் போலத் தனியே ஓடினாள். கடைசித் தடையில் கால் பட்டது, விழவில்லை. மூன்றாவதாக வந்தாள். குறித்த நேரம் மயிரிழையில் போச்சு. அறிவிப்பாளர் அவள் பெயரைக் கடித்துக் குதறினார். அவள் முட்டியில் கையூன்றி நின்றாள், பிறகு தன்னுடைய தடையைத் தானே நேராக நிமிர்த்திவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் சாமித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த கற்பூரப் பெட்டியை எடுத்துக் குப்பைப் பைக்குள் போட்டேன். இரண்டு முடிச்சுப் போட்டுக் கீழே கொண்டுபோய் எறிந்தேன்.


மே 26, திங்கள்

வானம் மப்பு. வந்து சேர்ந்தார்கள். தாரணி பெட்டியை இழுத்துக்கொண்டு அறைக்குள். "எப்பிடி?" என்றேன். "ஓகே." கதவு.

இவர் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. விமானத்தில் சொல்ல இருந்தாராம், அவள் காதில் பாட்டுக் கருவி மாட்டியிருந்தாளாம். பஸ்ஸில் சொல்ல இருந்தாராம், ஆட்கள் இருந்தார்களாம்.

"நீர்தானே சொல்லாதையுங்கோ எண்டனீர்."
"அவங்களுக்கு. பிள்ளைக்கில்லை."

இது உண்மையா என்று யோசித்துப் பார்த்தேன். உண்மை இல்லை. அப்போது நான் பிள்ளையையும் சேர்த்துத்தான் நினைத்தேன்.

உடுப்பு மூன்று கூடை. காலுறைக்குள் மிச்சக் கற்பூரம் இல்லை, ஐந்தையும் கொளுத்தியிருக்கிறார். ஐந்து கட்டியையும் ஒன்றாகவா வைப்பது.


மே 28, புதன்

அக்குக்குச் சொல்லிவிட்டேன். பந்தாட்டக்காரர் மேல் பழி கிடப்பது நெஞ்சுக்குள் இடித்தது. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.  "நான் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிவருமே" என்றாள். அதுதான் அவளுக்குப் பெரிய துயரம்.

இரவுச் சாப்பாடு. இவர் மாலை வேலை. தாரணியும் நானும் மட்டும். இடியப்பம், சொதி. அவள் தானாகத் தொடங்கினாள்.

"அம்மா, நீங்கள் பாத்தனீங்களோ, காலமை?"
"என்னத்தை?"
"நான் என்ரை ஓட்டத்தை வீடியோவிலை திருப்பிப் பாக்கிறனான் எண்டு தெரியும்தானே. தொடக்கத்துக்குத் தள்ளிப் பாத்தன். விடியக்காலமையிலையிருந்து கிடக்கு."

எனக்கு வாய்க்குள் இடியப்பம் நின்றுவிட்டது.

"ஆனால் எனக்கு அங்கையே தெரியும். குனிஞ்சு பாத்தனான். மணந்தது. அந்த மணம் எனக்குத் தெரியாதே?"
"பிறகு?"
"ட்ரேனர் முறைப்பாடு போடச் சொன்னவர். போட்டிருந்தால் ஓட்டத்தைப் பின்னுக்குத் தள்ளி நடுப்பாதையிலை ஓட விட்டிருப்பினம். ஆனால் ஆர் செய்தது எண்டு கமெராவிலை பாப்பினம். அப்பாவை எல்லாருக்கும் முன்னாலை கூட்டிக்கொண்டு வருவினம். நான் வேண்டாம் எண்டிட்டன். எட்டே போதும் எண்டு சொன்னன்."

அழ வந்தது. அழுதேன். அவள் அழவில்லை, சொதி ஊற்றினாள்.

"நான் அதுக்குக் கோவமில்லை" என்றாள். "அவர் சொல்லுவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். பிளேனிலை காதிலை ஒண்டும் போடேல்லை, சும்மா மாட்டி வைச்சிருந்தனான். பாட்டு இல்லை."
"நான் சொல்லச் சொல்லட்டே?"
"வேண்டாம். அவர் தானா சொல்லட்டும். சொல்லாட்டில் நான் நிப்பாட்டுறன். நேரம் வரேல்லை எண்டு இல்லை. இதுக்காண்டி."

வாயைத் திறக்காதேங்கோ என்று அவருக்குச் சொன்னதே நான்தான் என்று அவளிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். "உங்கடை குரல்தான் அவருக்குக் கேக்கும்." அது பாராட்டு இல்லை.

இவர் வந்தபோது நான் படுத்துவிட்டேன். நித்திரை இல்லை. அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.


மே 31, சனி

மழை, விடாமல். இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, மூன்று பேரும் வீட்டுக்குள் நல்ல மரியாதையாக நடமாடினோம். "உப்பைத் தாங்கோ." "இந்தாங்கோ." சகிக்கவில்லை.

இன்று பின்னேரம் இவர் தாரணியைப் பயிற்சியிலிருந்து ஏற்றிவரப் போனார். நான் பல்கனியால் பார்த்தேன், கார் வந்து கீழே நின்றது. கதவு திறக்கவில்லை. கண்ணாடி துடைக்கிற தடி இங்காலும் அங்காலும் ஆடிக்கொண்டே இருந்தது. மரக்கறி வெட்டினேன். திரும்பப் பார்த்தேன், அப்படியே. பருப்பை இறக்கினேன். பார்த்தேன், அப்படியே. கடைசியில் தடி நின்றது.

முதல் அவள் வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள்.
"சொல்லிப்போட்டார்."
"என்ன சொன்னவர்?"
"முதல்லை கால்மணித்தியாலம் ரயர் பற்றிச் சொன்னவர். பிறகு சொன்னவர்."

இவர் பின்னால் வந்து நேரே குளியலறைக்குள் போய்க் கன நேரம் முகம் கழுவினார். வெளியே வந்து, அரங்குக்காரருக்கு எழுதப்போகிறேன், நான்தான் செய்தது என்று, போலிஷில் எழுத உம்முடைய சிநேகிதி உதவி செய்வாளா என்று கேட்டார். அக்குக்கு உடனே அடித்தேன். "செய்வேன், ஒரு பிரதி என் அண்ணனுக்கும் அனுப்புவேன்" என்றாள்.

இரவு மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். பருப்பு அடிப்பிடித்திருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.


யூன் 1, ஞாயிறு

வெயில். நல்ல வெயில்.

விடிய எழும்பிக் குசினிக்கு வந்தால் தாரணி ஓட்ட உடுப்போடு நிற்கிறாள். ஒஸ்லோவில் இன்று ஒரு சின்னப் போட்டியாம். நேற்று இரவே பெயர் கொடுத்துவிட்டாளாம். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. கேட்டேன், "அப்ப நிப்பாட்டேல்லையோ?" "சாப்பிட என்ன இருக்கு?" என்றாள்.

இவர் சோபாவில் பேப்பரை விரித்துக்கொண்டு. வாசிக்கவில்லை. போலந்திலிருந்து வந்ததிலிருந்து தேங்காய் என்ற சொல்லையே அந்த மனுசன் எடுக்கவில்லை. சொதிக்குக்கூடப் பால்மா போதும் என்றார்.

தாரணி சப்பாத்துப் பையை வாசலில் வைத்தாள். பிறகு அதற்குப் பக்கத்தில் தானும் நின்றாள். நேராக, சின்னதில் நிற்கிற மாதிரி.

"அப்பா."
"ம்?"
"இஞ்சை கொளுத்துங்கோ. வீட்டிலை. கோப்பையிலை வைச்சு."

இவர் பேப்பரை மடித்தார். மடிக்கத் தெரியாமல் மடித்தார். எழும்பிச் சாமித் தட்டுக்குப் போனார். அங்கே கையை வைத்துத் தேடினார். பின்னால் பார்த்தார், விளக்குக்குக் கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை. தமிழ்க்கடை பூட்டு.

செருப்பைக்கூடப் போடாமல் படியால் கீழே ஓடினேன். கவிதாவின் மணியை அடித்தேன். நித்திரைக் கண்ணோடு கதவைத் திறந்தாள்.

"என்னாச்சு அக்கா?"
"கற்பூரம் இருக்கே?"
"சூடமா? இருக்கு. எத்தனை வேணும்?"

ஒன்று என்றேன். ஒன்றே ஒன்று.